என் எண்ணில் குடியிருந்த வீடு

அலுவலக வேலையாக 10 வாரம் வெளிநாட்டில் தங்க வேண்டும் என்று தெரிந்தபோது கையில் 40 நாள் இருந்தது. நான் முதலில் செய்த காரியம், பரணில் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்ததுதான். பெட்டி தயாரானால் பயணம் தயார் என்று ஒரு நினைப்பு. கடைசியில் அதை அடுக்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. மற்ற நாட்களையெல்லாம் தின்று தீர்த்தது வேறு வேலை.

எனக்கு யோசிக்க நேரம் கிடைப்பது ரயிலில்தான். காலையில் 70 நிமிடம், மாலையில் 70 நிமிடம், பெரும்பாலும் நின்றபடி. எந்தக் காலத்து மனிதனும் ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போய்வருவதற்குச் செலவிடுகிறான் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசரே மார்க்கெட்டி 1994இல் எழுதியிருக்கிறார். கால்நடையாகப் போனபோது ஊர் சிறியதாக இருந்தது, வண்டி வந்ததும் ஊர் பெருத்தது, அந்த ஒரு மணி நேரம் மட்டும் அப்படியே நின்றது என்பது அவர் வாதம். அவர் எங்கள் ரயிலில் ஏறியதில்லை போலும். ஆனாலும் இந்த 40 நாளில் அந்த 140 நிமிடத்துக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். ஒரு கையில் பிடிவளையம், மறு கையில் கைப்பேசி. பயண ஏற்பாட்டில் பாதி அந்த நிலையில் நடந்தது.

பாஸ்போர்ட் விவகாரம் வெளிப்பட்டதும் அங்கேதான். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தவன் காலாவதித் தேதிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். திரும்பி வரும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம்தான் பாக்கி. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்தானே என்று நாம் நினைப்போம். பல நாடுகள் பயணத் தேதிக்கு மேல் ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்கின்றன. நான் போகும் நாடும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. புதுப்பிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியில் விளக்கொளி பட்டுப் பளபளத்தது என்று முதல் புகைப்படத்தை நிராகரித்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, சிரிக்காமல், சந்தேகத்தின்பேரில் பிடித்துவரப்பட்டவன் போன்ற முகத்துடன் எடுத்தது தேறியது. புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது 40இல் 19 நாள் போயிருந்தது.

அது வந்த பிறகு ஒன்று கற்றுக்கொண்டேன். படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஓடும். வரிக்கு 44 எழுத்து, இடைவெளிகளில் எல்லாம் அம்பு முனை போன்ற குறி. இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். டிக்கெட்டில் பெயர் அங்கே இருப்பதுபோலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அலுவலகத்தில் பதிவு செய்தவர் என் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார். முன்கூட்டியே பார்த்ததால் ஒரு மின்னஞ்சலோடு சரியானது. விமான நிலையத்தில் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

உண்மையான வேலை ஆரம்பித்தது, அங்கே போனதும் அந்த நாட்டு சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளும்படி சக ஊழியர் சொன்ன அன்று. சரி என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினேன். மூன்றாவது நிறுத்தத்தில் உறைத்தது. என் எண் செயல்படவில்லை என்றால் வீட்டுக்கு என்னென்ன நின்றுபோகும்? குறிப்பெடுக்கத் தொடங்கினேன். மின்கட்டணத் தகவல். வங்கியின் ஓடிபி. இணைய இணைப்பு முடியும் தேதி. அப்பாவின் மருத்துவமனைச் சந்திப்பு நினைவூட்டல். காப்பீட்டுத் தவணை. மகளின் பள்ளியிலிருந்து வரும் வருகைச் செய்தி. இறங்குவதற்குள் 17 ஆகிவிட்டது. நாங்கள் நான்கு பேர் குடியிருந்தது செங்கல் வீட்டில். அந்த வீடு குடியிருந்தது என் பத்து இலக்க எண்ணுக்குள்.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது என்பதை மறைக்கவில்லை. அன்று இரவு பட்டியலை மனைவியிடம் காட்டினேன். அவள் முழுவதும் படித்துவிட்டு, "எல்லாவற்றையும் உங்கள் எண்ணில் கொடுத்துவிட்டு, நானே எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்" என்றாள். பதில் இல்லை. பட்டியலில் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினோம்.

எண்ணை மாற்றுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு முறை முயன்று பார்க்கலாம். பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி, புதிய எண்ணுக்கு ஒரு ஓடிபி. இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். நான் வீடு வந்து சேரும் நேரத்தில் சேவை மையங்கள் மூடியிருக்கும். இரண்டு சனிக்கிழமைகள் இதற்கே போயின. வங்கிக் கணக்கை மட்டும் வேறு விதமாகக் கையாண்டோம். என் ரகசிய எண்ணை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவது சுலபமான வழி, தவறான வழி. வீட்டுச் செலவுக்கென்று கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அவள் பெயரில் தனி அட்டை வாங்கினோம். என் பழைய சிம்மில் ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே இயக்கிவைத்தேன்.

அடுத்து நோட்டுப் புத்தகம். வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயங்களை அதில் எழுதினேன். குளியலறைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் வால்வு ஒரு உதாரணம். அதை முழுக்கத் திருகி மூடினால் கசியும். மூடிவிட்டு நூலளவு பின்னால் திருப்ப வேண்டும். அப்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும், அதோடு நிறுத்திவிட வேண்டும். இதை எழுத்தில் எழுதிப் பார்த்தேன், ஆறு வரி ஆயிற்று, எனக்கே புரியவில்லை. மனைவியை அழைத்துப் போய் அவள் கையை வால்வின்மேல் வைத்து, சத்தம் வரும் வரை நான்கு முறை திருப்பச் சொன்னேன். நோட்டில் அந்தப் பக்கத்தில் இப்போது ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: டக்.

அப்பாவின் மாத்திரைப் பெட்டிதான் சிக்கலான பக்கம். ஏழு நாளுக்கு, நாளுக்கு மூன்று என்று 21 அறைகள். ஞாயிறு இரவுகளில் நான் நிரப்புவேன். இந்தப் பொறுப்பைத் தனக்குத் தா என்று 11 வயது மகள் கேட்டாள். "எனக்குக் கண் தெரியாமலா போய்விட்டது?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். கண் தெரிகிறது, உண்மைதான். ஆனால் தைராய்டு மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் ஒரே அளவில், ஒரே வெள்ளையில் இருக்கின்றன. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. இதை நான் சொன்னதும் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்படியானால் கால்சியத்தை ஏன் அப்பா காலை அறையில் போடுகிறீர்கள்?"

பார்த்தேன். காலை அறையில்தான் இருந்தது. எத்தனை வாரமாக அப்படி என்று யோசித்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மறுநாள் மருத்துவரிடம் கேட்டு இரவுக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு, நிரப்புவது பேத்தி, சரிபார்ப்பது தாத்தா என்று அவர்கள் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதில் எனக்கு இடமில்லை.

இதற்கிடையில் பெட்டி காலியாகவே கிடந்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவில் அடுக்கினேன். என்னைக் குளியலறை எடைமேடையில் ஏறச் சொன்னார் அப்பா: 74.2. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னார்: 99.6. கழித்தால் 25.4 கிலோ, அனுமதி 23. "எதை எடுக்கலாம் என்று யோசிக்காதே, எது இல்லாமல் முதல் வாரம் ஓடும் என்று யோசி" என்றார். இரண்டாவது ஜோடிக் காலணி, தடித்த புத்தகம், ஒரு போர்வை வெளியே வந்தன. போர்வையை ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அது கைப்பையில்தான் போக வேண்டும். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் கண்முன் இருந்தால்தான் அணைக்க முடியும், சரக்கறையில் யார் பார்ப்பது? 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. என்னுடையது 20,000 மில்லியாம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74. பிரச்சினை இல்லை. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். போட்டிருந்தால் செருகியின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். என் மருந்துகளைப் பட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைத்தேன். சீட்டில் வணிகப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்கியிருந்தேன். மூலப்பெயரே சில இடங்களில் மாறிவிடும்: நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்று கேட்க வேண்டும்.

விமான நிலையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரிசை, தட்டு, பெல்ட், மறுபடி வரிசை. தோல் வறட்சிக்கு மனைவி வைத்துக் கொடுத்த களிம்புக் குப்பி 150 மில்லி. பாதி காலியாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே பார்த்தது குப்பியின் கொள்ளளவை. 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பி என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

நான் போன ஊர் வீட்டைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியது. மேற்கே போகிறவனுக்கு இரவில் சீக்கிரம் தூக்கம் வரும், விடியும் முன்பே விழிப்பும் வந்துவிடும். முதல் நாள் 4 மணிக்கே கண் திறந்தது. அறை இருட்டு. வழக்கமாக இந்நேரம் என் உடம்பு ரயிலில் நிற்க வேண்டும். எந்தப் பக்கமும் ஆடாத கட்டிலில் அது செய்வதறியாமல் கிடந்தது. வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. மின்கட்டணமோ வங்கியோ தேடவில்லை. 4.40க்குப் பழைய சிம்மில் ஒரு செய்தி வந்து விழுந்தது: தங்கள் மகள் இன்று வகுப்புக்கு வந்திருக்கிறார்.

இரவு பேசும்போது மனைவி பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டாள். "பதினாறுக்கும் டிக் அடித்திருக்கிறீர்கள். பள்ளி எண்ணை மாற்றவில்லையா?"

மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.