வெயில் காலத்தில் க்ளே ஷூட்டிங்: காலுக்கு எந்த ஷூ?

க்ளே ஷூட்டிங் என்றால் இயந்திரம் வீசும் சின்னத் தட்டுகளைப் பறக்கும்போதே துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டு. அதற்காகக் கோடையில் ஷூ வாங்கப் போகிறவர்கள் லேசாக இருக்கிறதா, காற்று போகுமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது. முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது.

நான் இருப்பது இங்கிலாந்தில் ஹை விக்கம் பக்கம், சில்டர்ன் குன்றுகளின் ஓரம். சுடுவது பெரும்பாலும் இங்கிலிஷ் ஸ்போர்ட்டிங், அதாவது இடம் மாறி மாறிப் போய்ச் சுடும் வகை. 100 தட்டு என்றால் பத்துப் பன்னிரண்டு ஸ்டாண்டுகள் (நின்று சுடும் இடங்கள்) இருக்கும். காட்டுக்குள் ஒன்று, மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். துப்பாக்கி மூன்றரைக் கிலோ, 25 தோட்டா கொண்ட பெட்டி நான்கு, தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இரண்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். சுண்ணாம்புப் பாறைப் பூமி வேறு. வெயிலில் இறுகிப் போய், நடுநடுவே சிக்கிமுக்கிக் கல் துருத்திக்கொண்டு நிற்கும். மெத்தென்ற ரன்னிங் ஷூவோடு அதில் இறங்கினால் கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் உண்மையான சோதனை ஸ்டாண்டுக்குள் போன பிறகுதான். வலது கைக்காரருக்கு இடது கால் முன்னே, எடையில் பாதிக்கு மேல் அந்தக் காலில். தட்டு இடமிருந்து வலமாகக் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை மட்டும் திரும்பினால் போதாது, இடுப்போடு சேர்ந்து உடம்பே திரும்ப வேண்டும். அப்போது பின்னங்கால் குதிகால் லேசாக எழும்பி, முன்பாதம் கொஞ்சம் சுழலும். மலையேறுகிற பூட்ஸ் மாதிரி ஆழமான பற்கள் இருந்தால் அது ரப்பர் விரிப்பைக் கவ்விக்கொள்ளும். பாதம் நின்றுவிடும், இடுப்பு பாதியில் நிற்கும், குழல் மட்டும் சாய்ந்துகொண்டு போகும். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழும். குதிகால் பஞ்சு மாதிரி இருந்தால் வேறு தொல்லை. முதல் வெடியின் உதைப்பில் எடை பின்னுக்குச் சாயும், குழல் மேலே தூக்கும். இரண்டாவது தட்டுக்கு இறங்கி வருவதற்குள் காலம் போய்விடும். ஜோடித் தட்டில் முதலாவதை அடித்து இரண்டாவதை விடுகிறவர்கள் ஒருமுறை ஷூவையும் பாருங்கள்.

ட்ராப் என்ற இன்னொரு வகை சுடுகிறவர்களுக்கு இந்த நடை கிடையாது. ஒரே வரிசையில் ஐந்து இடங்கள்தான், 25 தட்டுக்கு ஒரு ரவுண்டு. (எங்கள் புதுக்கோட்டை ப்ருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் சுட்டது இந்த ட்ராப்தான். இது நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒத்துவருமா என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர்தான்.) முறை வரும்வரை குழல் நுனியை ஷூ மேல் ஊன்றி வைக்கும் பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. அதற்கென்றே லேஸில் கட்டிக்கொள்ளும் சின்னத் திண்டு விற்கிறது. வெறும் வலைத்துணி ஷூவில் அதைக் கட்டினாலும் பாதத்தில் அழுந்தும். மேல்பாகத்தில் கொஞ்சம் தோல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

போன கோடையில் ஊரிலிருந்து வந்த மச்சான் என்னோடு கிளம்பும்போது தோல் செருப்பை மாட்டிக்கொண்டார். “செருப்போட வேணாம் மச்சான்” என்றேன். “ஏன் மாப்ள, நின்ன இடத்துல நின்னு சுடுறதுதானே?” என்றார். ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய்த் தரையைக் காட்டினேன். முன்னே சுட்டவர்களின் காலித் தோட்டாக்கள் கிடந்தன. 70 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், அடியில் உலோக மூடி. குதிகாலுக்கு அடியில் ஒன்று சிக்கினால் போதும், உருளை மேல் நிற்பது போலத்தான். கையிலோ தோட்டா போட்ட துப்பாக்கி. வெளியே புல்லில் உடைந்த தட்டுச் சில்லுகள், ஓரமெல்லாம் கூர். விரல் தெரியும் காலணியைப் பல மைதானங்கள் அனுமதிப்பதில்லை, அது சரிதான். நல்லவேளையாக அவருக்கும் எனக்கும் ஒரே அளவு, காரில் இன்னொரு ஜோடி இருந்தது.

அப்புறம் வெப்பம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அதற்குப் பிறகு இங்கே யாரும் கோடையை லேசாக எடுப்பதில்லை. இருந்தாலும் காலை ஒன்பது மணிக்குப் புல்லில் பனி இருக்கும். வலைத்துணி ஷூ முதல் இருபது அடியிலேயே நனையும். தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூவோ வெளி ஈரத்தைத் தடுக்கும், ஆனால் மதியம் உள்ளே வேர்வையில் கால் அவியும். கோடைக்கு நான் சவ்வு இல்லாததைத்தான் எடுப்பேன். நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். கொப்புளத்துக்கு முக்கியக் காரணம் ஷூவைவிட சாக்ஸ். பருத்தி வேர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் வெயிலுக்கா என்று யோசிக்காதீர்கள், போட்டுப் பாருங்கள். தோட்டாப் பையில் இன்னொரு ஜோடி வைத்து, பாதி ஸ்டாண்டு முடிந்ததும் மாற்றினால் மிச்ச 50 தட்டும் சுகமாகப் போகும். சாக்ஸ் கணுக்காலுக்கு மேலே வரட்டும். மான் திரியும் இடம் என்பதால் உயரமான புல்லில் உண்ணி உண்டு, அது லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால்கூடத் தடவிப் பாருங்கள்.

நம்மைப் போல் வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலம். இங்கே பல கடைகளில் நீளத்தோடு அகலத்துக்கும் தனி அளவு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நீளத்தில் ஒரு எண் கூட்டி வாங்கினால் குதிகால் வழுக்கும். நடந்து திரிந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், சுடும்போது போடுகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். கண்ணாடி முன் நின்று துப்பாக்கி பிடிப்பது போல் கையைத் தூக்கி, இடுப்பை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். பாதம் ஷூவுக்குள் தனியாகச் சுழன்றாலோ, சுண்டுவிரல் இடித்தாலோ அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.