ஒரு ஹேட் விட்டுப்போனால் பழி யார் தலையில்?

ராத்திரி சர்வர் படுத்துவிட்டால், பெங்களூர் ஐ.டி. ஆபீஸ்களில் நம்மாட்கள் காலையில் இங்கிலீஷில் விளக்க மெயில் எழுதுவார்கள். அதில் ‘ஹேட்’ (had) என்ற ஒரு சொல்லை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் வம்பு தொடங்கும்.

“வென் வீ டிப்ளாய்ட் தி பேட்ச், தி சர்வர் க்ராஷ்ட்.” படிப்பவருக்கு இது சொல்வது: பேட்ச் (சாஃப்ட்வேருக்கான திருத்தம்) போட்டார்கள், சர்வர் விழுந்தது. பழி உங்கள் டீமுக்கு. “தி சர்வர் ஹேட் ஆல்ரெடி க்ராஷ்ட்” என்று எழுதியிருந்தால், நீங்கள் கை வைக்கும் முன்பே அது விழுந்து கிடந்தது என்றாகும்.

சாதாரண இறந்தகாலத்தில் அடுக்கிக்கொண்டே போனால், சொன்ன வரிசைதான் நடந்த வரிசை. “வீ லாக்ட் இன், செக்ட் தி லாக்ஸ், அண்ட் ரீஸ்டார்ட்டட் தி சர்வர்.” உள்ளே நுழைந்தோம், லாக் எனும் சர்வர் பதிவுகளைப் பார்த்தோம், சர்வரை மறுபடி கிளப்பினோம். இங்கே ஹேட்டுக்கு வேலையே இல்லை. பேச்சு பின்னால் திரும்பும் இடத்தில்தான் அது வேண்டும். ஆஃப்டர், பிஃபோர் இருந்தால் முன்பின்னை அவையே காட்டிவிடும். ஹேட்டைப் போடலாம், விடலாம்.

தமிழில் இந்த வேலையை வினையெச்சம் பார்த்துக்கொள்கிறது: லாக் பார்த்துட்டு, ரீஸ்டார்ட் பண்ணிட்டு, படுத்தேன். முற்று கடைசியில் ஒன்றே ஒன்று.

சிக்கல் ‘போயிருந்தேன்’ என்பதில். “நேத்து மைசூர் போயிருந்தேன்” தனியாகவே நிற்கும். போய்த் திரும்பியாயிற்று என்று அர்த்தம். அதை அப்படியே “ஐ ஹேட் கான் டு மைசூர் யெஸ்டர்டே” ஆக்கினால், எதற்கு முன்னால் போனார் என்று கேட்பவர் காத்திருப்பார். “ஐ வென்ட்” போதும். கன்னடத்து ‘ஹோகித்தே’யும் இதே அச்சு என்பதால் பக்கத்து சீட்டுக்காரர் திருத்த மாட்டார். குழம்புவது வெளிநாட்டு கிளையண்ட்தான்.

‘அனுப்பிட்டேன்’ இன்னொரு வழுக்குப் பாறை. “ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல்” சரி. யெஸ்டர்டே சேர்ந்துவிட்டால் ஹேவ் போய்விட வேண்டும்: “ஐ சென்ட் தி ஃபைல் யெஸ்டர்டே.” ‘போனதும் கூப்பிடறேன்’ என்பதில் ‘வில்’ (will) ஒருமுறைதான்: “வென் ஐ ரீச், ஐ வில் கால் யூ.”

மெயிலை அனுப்பும் முன் ஒவ்வொரு ஹேட் மீதும் விரல் வைத்து “எதுக்கு முன்னாடி?” என்று கேளுங்கள். பதில் அந்த வரியிலோ பக்கத்து வரியிலோ இல்லையென்றால் அடித்துவிடலாம். அதைவிடப் பத்திரமான வழி, மணியைப் போடுவது: “தி சர்வர் க்ராஷ்ட் அட் 2.10. வீ டிப்ளாய்ட் தி பேட்ச் அட் 2.25.” இதில் ஹேட்டும் வேண்டாம், வாதமும் வேண்டாம்.