பெயரைத் திருத்தாதீர்கள்: ஹ்மாங் அகதிகளின் 50 ஆண்டு நினைவுக் கண்காட்சி

லாவோஸ் போரில் அமெரிக்காவின் பக்கம் நின்று தோற்ற ஹ்மாங் மலைமக்களை ஏற்றிக்கொண்டு, 1975 மே 14 அன்று அந்நாட்டின் லோங் சியெங் ராணுவத் தளத்திலிருந்து கடைசி விமானங்கள் கிளம்பின. இடம் கிடைக்காத ஹ்மாங் மக்கள் பலர் மெகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் பலர் பிறகு குடியேறிய ஊர் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால். அங்குள்ள குடும்பங்களிடம் படங்களும் காகிதங்களும் சேகரித்துக் காட்சிக்கு வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முகாமில் எண் எழுதிய பலகையோடு குடும்பமாக நிற்கும் படங்களைத்தான் முதலில் கேளுங்கள். ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதும்; பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஊரும் தேதியும் அங்கேதான் கிறுக்கப்பட்டிருக்கும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை மெழுகில்லாத பல்நூலைப் பின்னால் விட்டு மெல்ல அறுத்தெடுக்கலாம். வரவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். சூடு காட்டினால் படம் சுருண்டுபோகும்.

அதிக நேரம் பிடிப்பது படக்குறிப்புதான். திருமணமான ஹ்மாங் ஆணுக்கு மாமனார் வீட்டார் ஒரு முதுபெயர் சூட்டுவார்கள். முகாம் காகிதத்தில் ஒரு பெயர், குடியுரிமைச் சான்றிதழில் இன்னொன்று என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். மனைவி பெரும்பாலும் பிறந்த குலப்பெயரோடே இருப்பார், அதை ‘பிழை’ என்று மாற்றிவிடாதீர்கள். ஹ்மாங் ரோமன் எழுத்தில் சொல்லின் கடைசி மெய் ஒலிக்காது, குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டும். அதனால் வாங் என்ற ஒரே குலப்பெயருக்கு Vang, Vaj என்று இரண்டு எழுத்துக்கூட்டல் வரும். பிறந்த நாள் தெரியாத பலருக்கு ஜனவரி 1 என்றே பதிந்திருக்கிறார்கள். காகிதத்தில் உள்ளதை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள். குடும்பம் சொல்வதை அடுத்த வரியில் எழுதி, அச்சுக்கு முன் வீட்டுப் பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முகாம்களில் தைத்த, கதை சொல்லும் பூவேலைத் துணிகளான கதைத்துணிகளில் மெகாங் ஒரு நீலப் பட்டையாக ஓடும், நடுவில் மூங்கிலைப் பற்றி நீந்தும் மனிதர்கள். துவைக்காதீர்கள், சாயம் ஓடும். குண்டூசி குத்தித் தொங்கவிட்டால் துணி கிழியும். பின்னால் ஒரு துணிப்பட்டையைத் தைத்து, கோல் செருகித் தொங்கவிடுங்கள். வெயில் படக்கூடாது.

இந்த மக்கள் ஊருக்குத் தந்ததைக் காட்ட அவர்கள் கடை போடும் உழவர் சந்தையின் புகைப்படம் மட்டும் போதாது. பிள்ளை பெற்றவளுக்கு 30 நாள் பத்தியமாகக் கொடுக்கும் கோழிச் சாற்றின் மூலிகைகளை இங்கேயே வளர்க்கிறார்கள். அவற்றைத் தொட்டியோடு மேசையில் வையுங்கள், கூடவே எலுமிச்சைப் புல்லும். மே மாதத்திலும் சில இரவுகள் உறைபனி விழும் என்பதால், சாயங்காலம் தொட்டிகளை உள்ளே எடுத்துவைக்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.