சும்மா நின்றால் கெட்டுப்போகிற மெஷின்

வேலை கூடினால் மெஷின் கெடும் என்பது பொதுவான கணக்கு. கலர் ஃபிலிம் கழுவும் பிராசசரில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். சீசனில் காலையிலிருந்து ராத்திரி வரை ரோல் மேல் ரோலாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். மெஷின் ஒரு முனகல் காட்டாது. ஆள் வராத வாரங்களில்தான் அது படுத்தும். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பார்களே, அதை டெவலப்பர் டேங்கை, அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல் இருக்கும் தொட்டியைப் பார்த்தே சொல்லியிருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் என்று பெயர். தானாக அது செய்வது மூன்று காரியம். ஃபிலிமை ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும், கரைசலை ஒரே சூட்டில் வைத்திருக்கும், உள்ளே போன ஃபிலிமின் அளவுக்கு ஏற்ப ரெப்ளெனிஷர் என்கிற புதுக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இந்த மூன்றையும் அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஆபரேட்டர் சம்பளம் வாங்குகிறார்.

ரோலை ஏற்றுவதே ஒரு கைப்பழக்கம். கேசட்டுக்குள் சுருண்டு போய்விட்ட ஃபிலிமின் நாக்கை மெல்லிய தகடு விட்டு வெளியே இழுக்க வேண்டும். நுனியை நேராக வெட்டி, லீடர் கார்டு என்கிற வளையும் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டையில் உள்ள ஓட்டைகளைப் பல்சக்கரம் கவ்வி இழுக்கும். பின்னால் இரண்டு ரோல் ஜோடியாகப் போகும். டேப் ஒரு மயிரிழை கோணலானாலும் ஃபிலிம் ஓரமாக ஏற ஆரம்பித்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு ரேக்கில், அதாவது ரோலர்கள் மாட்டிய சட்டத்தில், மடங்கி நிற்கும். அதற்கென்று வருகிற டேப் தீர்ந்துவிட்டது என்று கையில் கிடைத்ததை ஒட்டினால், சூடான கரைசலில் பசை விட்டுவிடும். அட்டை மட்டும் பத்திரமாக மறுபக்கம் வந்து சேரும்.

கலர் நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவும் சி-41 என்ற முறையை கோடக் 1972-இல் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகள் வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டாலும் அதற்கு ஒத்துப்போகிற மாதிரியே தங்கள் கலர் நெகட்டிவ் ஃபிலிம்களைச் செய்தன. அதனால்தான் எந்தக் கம்பெனி ரோல் வந்தாலும் ஒரே டேங்கில் போட முடிகிறது. டெவலப்பரில் 3 நிமிடம் 15 விநாடி. சூடு 37.8 டிகிரி செல்சியஸ்; இந்தப் பக்கம் 0.15, அந்தப் பக்கம் 0.15, அவ்வளவுதான் அனுமதி. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில்கூட இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே நிறம் மாறிவிடும். அதுவும் மூன்று நிற அடுக்குகளும் ஒரே அளவில் மாறாது. அப்படி மாறினாலாவது பிரிண்ட் போடும்போது சமாளித்துக்கொள்ளலாம்.

டெவலப்பரைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். படத்தில் உள்ள வெள்ளியை மாற்றும் பிளீச்சும், அதைக் கரைத்து வெளியேற்றும் ஃபிக்ஸரும் வேலை முடிந்ததும் நின்றுவிடுகிற கரைசல்கள்; ஃபிலிம் கொஞ்ச நேரம் கூடுதலாக ஊறினாலும் பெரிய நஷ்டமில்லை. பிளீச் சோர்ந்து போய் நெகட்டிவில் வெள்ளி தங்கிவிட்டால்கூட, நல்ல பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் திரும்ப ஓட்டிச் சரிசெய்துவிடலாம். டெவலப்பரில் தப்பினது தப்பினதுதான். அதனால் எங்கள் கவனமெல்லாம் அந்த முதல் டேங்கின் மேலேயே இருக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் காலையில் வந்ததும் பேனலில் ஓடும் எண்ணைப் பார்க்க மாட்டார். டேங்குக்கு டேங்கு ஃபிலிமைத் தாண்டவைக்கும் குறுக்கு ரேக்கைத் தூக்கி ரோலர் மேல் விரலை ஓட்டுவார். “தம்பி, இதைத் தொட்டுப் பாத்தியா?” ராத்திரி மெஷின் ஆறும்போது ரோலரில் ஒட்டியிருந்த கரைசல் காய்ந்து உப்புப் பொடியாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான். ஆனால் முதல் ரோலின் முதுகில் நேர்கோடாக ஒரு கீறல் போட அது போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டிய பிறகுதான் மற்ற வேலை. கழுவும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு: டெவலப்பர் பக்கத்து ரேக் தனி, ஃபிக்ஸர் பக்கத்து ரேக் தனி. ஃபிக்ஸர் ரேக்கைத் தூக்கும்போது நாலு சொட்டு டெவலப்பரில் விழுந்தால், டேங்கைக் காலிசெய்துவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.

அடுத்தது கன்ட்ரோல் ஸ்ட்ரிப். தொழிற்சாலையிலேயே அளந்து ஒளி காட்டி அனுப்புகிற சின்ன ஃபிலிம் துண்டு. ஃப்ரீசரில்தான் இருக்கும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது, குளிர் விடும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் பூத்துவிடும். வாடிக்கையாளரின் ரோலுக்கு முன்னால் அது உள்ளே போகும். வெளியே வந்ததும் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரில் வைத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்ணையும் வாசித்து, மாதிரித் துண்டின் எண்ணோடு கழித்துப் பார்த்து சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் உள்ள பட்டைகளில் மெல்லிய அடர்த்திப் பட்டையில் 0.06 விலகினால் காரணம் தேடு, 0.08 தாண்டினால் வாடிக்கையாளரின் ஃபிலிமை உள்ளே விடாதே. இதுதான் சட்டம்.

புதிதாக வருகிறவர்கள் புள்ளியைப் பார்ப்பார்கள். பழகினவர்கள் கோட்டைப் பார்ப்பார்கள். ஒரு நாள் புள்ளி எகிறினால் பம்ப்பைத் திருகக் கூடாது, இன்னொரு ஸ்ட்ரிப் விட்டுப் பார்க்க வேண்டும். பாதி நேரம் ஸ்ட்ரிப்பிலேயே கோளாறு இருக்கும். மூன்று நிறமும் கைகோத்துக்கொண்டு இறங்கினால் சூட்டையோ ரெப்ளெனிஷர் அளவையோ சந்தேகப்படலாம். ஒரு நிறம் மட்டும் தனியாகக் கழன்றுகொண்டு போனால் வயிற்றைக் கலக்கும். எதோ எதிலோ கலந்திருக்கிறது.

இனி, சும்மா நிற்கும் மெஷின் ஏன் கெடுகிறது என்ற விஷயம். ஃபிலிம் டெவலப் ஆகும்போது அதில் உள்ள புரோமைடு கரைசலுக்குள் இறங்கும். டெவலப்பரின் வேகத்தைப் பிடித்து வைப்பது இந்தப் புரோமைடுதான். நிறைய சேர்ந்துவிட்டால் நெகட்டிவ் வெளுக்கும். போதாமல் போனால் அடர்த்தி ஏறும். ரெப்ளெனிஷர் வந்து விழ விழ, தீர்ந்துபோன மருந்து நிரம்புகிறது, புரோமைடும் ஒரு நிலையில் நிற்கிறது. ஆக, நன்றாக ஓடுகிற டேங்கில் இருப்பது புத்தம் புதுக் கரைசல் இல்லை, பதமாகப் பழகின கரைசல். டேங்கைப் புதிதாகக் கலக்கும்போதுகூட ஸ்டார்ட்டர் என்று ஒன்றைச் சேர்ப்போம். புதுக் கரைசலுக்கு வயசு கூட்டுவதுதான் அதன் வேலை.

ஃபிலிம் வராத நாளில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். ஆனால் காற்று நிற்காது. பம்ப் கரைசலைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும், மேலே காற்று பட்டுக்கொண்டே இருக்கும், மருந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து பலம் இழக்கும். இன்னொரு பக்கம் 38 டிகிரி சூட்டில் தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகும். ஒன்று வேகத்தைக் குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால் சில நாள் ஸ்ட்ரிப் நல்ல பிள்ளை மாதிரியே காட்டும். அப்புறம் ஒரு நாள், குறைந்த மட்டத்தைப் பார்த்து யாராவது தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வார்கள். மூடியிருந்த பலவீனம் அன்றைக்கு வெளியே வரும்.

இதற்கு வழிகள் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் ஹீட்டரையும் பம்ப்பையும் அணைத்து, டேங்கின் மேல் மிதக்கும் மூடி போடலாம். ஆவியான தண்ணீரை அன்றன்றே ஈடுகட்டலாம். குறைந்த வேலைக்கென்றே தயாரான ரெப்ளெனிஷர் வாங்கலாம். காலாவதியான ரோல்களை வெளிச்சத்தில் காட்டிவிட்டு உள்ளே அனுப்பி, மெஷினுக்குப் பொய் வேலை கொடுக்கலாம். இந்தக் கடைசி யோசனையைக் கேட்டால் முதலாளிகளுக்குக் கோபம் வரும். ஆனால் ஒரு மாதத்துக்குள் டேங்கின் அளவுக்கு ரெப்ளெனிஷர் உள்ளே போகவில்லை என்றால் வேறு எது செய்தாலும் ஒட்டுப்போடுகிற வேலைதான். டிஜிட்டல் வந்தபிறகு எத்தனையோ லேப்களில் ஃபிலிம் தரம் சரிந்ததற்கு ஆபரேட்டரின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. ரோல் குறைந்தது, கரைசல் நாறியது; நெகட்டிவ் மோசமாக வந்ததால் இன்னும் கொஞ்சம் ரோல் குறைந்தது.

கரண்ட் போவது வேறு மாதிரித் தலைவலி. மெஷின் நின்றுவிடும், டெவலப்பர் நிற்காது. பக்கத்திலேயே கைப்பிடி இருக்கும். மாட்டிச் சுற்றினால் ரேக் எல்லாம் நகரும். முதல் ஆசை வேகமாகச் சுற்றி எல்லாவற்றையும் பிளீச்சுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான். அப்படிச் செய்தால் அப்போதுதான் டெவலப்பருக்குள் நுழைந்த ரோல் பாதி வெந்தும் வேகாமலும் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மெஷின் வழக்கமாகப் போகிற அதே வேகத்தில் சுற்ற வேண்டும். மூடியைத் திறந்து எட்டிப்பார்க்கக் கூடாது. பிளீச்சைத் தாண்டியது பிழைக்கும், டெவலப்பரில் இருப்பது ஒரு கீற்று வெளிச்சத்தில் செத்துவிடும். தோள் வலிக்கும், கவுண்டரில் யாரோ ரசீதை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். திரும்பிக்கூடப் பார்க்க முடியாது.

பேப்பர் பக்கத்து வேலை இதைவிடச் சுலபம். பிரிண்ட் பேப்பரைக் கழுவும் ஆர்ஏ-4 முறையில் டெவலப்பரில் 45 விநாடிதான்; கெட்டுப்போனால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். சராசரியான காட்சியின் நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்று கோடக்கில் இருந்த ரால்ஃப் எவான்ஸ் காட்டியதை வைத்துத்தான் ஆட்டோ பிரிண்டர்கள் வெகுகாலம் ஓடின. பெரும்பாலும் சரியாகவே வரும். சிவப்புச் சுவரை ஒட்டி ஒரு குழந்தை நின்றால் போச்சு. மெஷின் சிவப்பை அடக்கிச் சாம்பலாக்கப் பார்க்கும், குழந்தையின் முகம் நீலம்பாரித்துவிடும். புல்வெளி என்றால் முகத்தில் மெஜந்தா ஏறும். மானிட்டர் இல்லாத பழைய மெஷின்களில், ஆரஞ்சு நிற நெகட்டிவைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்து, பிரிண்ட் விழும் முன்பே நிறப் பட்டன்களைத் தட்ட வேண்டும். நான் சுவரையோ வானத்தையோ பார்க்க மாட்டேன், முகத்தை மட்டும் பார்ப்பேன். சுவரின் நிறம் ஒரு படி மாறினால் யாரும் கேட்பதில்லை.

உள்ளே என்ன ஃபிலிம் போகிறது என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. சாதாரணக் கறுப்பு வெள்ளை ரோல் தவறி உள்ளே போனால் படம் வெள்ளியால் ஆனது என்பதால் பிளீச் அதை மொத்தமாகத் தின்றுவிடும். கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம் வெளியே வரும். சி-41 முறைக்கென்றே வந்த கறுப்பு வெள்ளையும் உண்டு, இல்ஃபோர்டின் எக்ஸ்பி2 அப்படித்தான். ஆகவே ‘கறுப்பு வெள்ளை’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத் தள்ளிவிடவும் முடியாது. சினிமா ஃபிலிமை வெட்டிக் கேசட்டில் சுற்றி விற்கிறார்களே, அதுதான் இப்போது பெரிய பயம். அதன் முதுகில் கரிப்பூச்சு உள்ள ரகங்கள் இருக்கின்றன. டெவலப்பரின் காரத்தன்மையில் அந்தக் கரி இளகி ரோலரில் அப்பிக்கொண்டு, பின்னால் வருகிற ஒவ்வொரு ரோலிலும் பொட்டு வைக்கும். கேசட்டில் லேபிள் இல்லாத ரோலை நான் மெஷினில் விடுவதில்லை. என்ன ஃபிலிம் என்று கொண்டுவந்தவர் சத்தியம் செய்தாலும் சரி.

ஃபிலிம் மேல் இளைஞர்களுக்குத் திரும்ப ஆசை வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வருகிற ரோல் ஒரு பெரிய மெஷினுக்குப் போதுகிற அளவு இல்லை. அதனால் ரோல்களைச் சேர்த்துவைத்து வாரத்தில் சில நாள் மட்டும் மெஷினைப் போடுகிற லேப்பைத்தான் நான் நம்புவேன். தினமும் கழுவுகிறோம், ஒரு மணி நேரத்தில் தருகிறோம் என்று சொல்கிற இடத்தில் கன்ட்ரோல் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்; சுவரில் அது தொங்கவே இல்லையென்றால் ரோலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒற்றை ரோலோடு அவசரம் என்று வருகிறவரிடம், மெஷினில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வெந்நீர்த் தொட்டியில் கையால் திருப்பும் சின்ன டேங்கை வைத்து, அந்த ரோலுக்கு மட்டும் கரைசல் கலந்து, முடிந்ததும் அதைக் கழிவு கேனில் ஊற்றிவிட வேண்டியதுதான். பழைய கரைசலும் இல்லை, ரோலரும் இல்லை. கொஞ்சம் கூடக் காசு ஆகும், கொடுக்கத்தான் வேண்டும்.