எத்தனால் குடித்த 1.6 மில்லிலிட்டர்

பி.ஃபார்ம் படித்தபோது, 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென் மாத்திரையில் மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் செய்முறை என் பங்குக்கு வந்தது. மூட்டுவலிக்கு என் பாட்டி விழுங்கிவந்த மாத்திரை அது. கைக்கவனம் தானாகவே கூடியது.

20 மாத்திரைகளை எடைபோட்டுக் கல்வத்தில் பொடித்தேன். 500 மி.கி. மருந்து அடங்கிய பொடியைக் குளோரோஃபார்மில் கால் மணி நேரம் குலுக்கி வடிகட்டினால் மருந்து கரைந்து இறங்கிவிடும். மாவுச் சேர்மானங்கள் மேலே தங்கிவிடும். குளோரோஃபார்ம் ஆவியானதும் குடுவையின் அடியில் வெள்ளைப் படலம் மிஞ்சியது. இபுப்ரோஃபென் தண்ணீரில் கரையாது. அதனால் 100 மி.லி. எத்தனால் என்ற ஆல்கஹாலில் கரைத்து, அமிலம் தீர்ந்து காரம் மிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீனைச் சேர்த்து, ப்யூரெட் என்ற அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை நிரப்பி உட்கார்ந்தேன்.

இபுப்ரோஃபென் வலுக்குறைந்த அமிலம். 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) காரம் ஒரு மில்லிலிட்டர் செலவானால் 20.63 மி.கி. மருந்து இருப்பதாகக் கணக்கு. என் காரத்தின் செறிவு 0.0985 மோலார் என்று முதல் நாளே பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற தூய அமில உப்பை எடைபோட்டு வைத்துக் கண்டிருந்தேன். செலவானது 26.1 மி.லி. கணக்குப் போட்டால் 106.1 சதவீதம்! அனுமதி 95 முதல் 105 வரைதான். மறுமுறையும் அதே அளவு. மாத்திரை தரம் தவறியது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பாட்டியின் மாத்திரை அட்டைதான் கண்முன் நின்றது.

குறிப்பேட்டைப் பார்த்த மேடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வெறும் எத்தனால் எவ்வளவு காரம் குடிக்கிறது என்று பார்த்தாயா, அம்மா?"

பார்க்கவில்லை. மருந்தே இல்லாத 100 மி.லி. எத்தனாலில் காரத்தை விட்டேன். 1.6 மி.லி. உள்ளே போன பிறகே நிறம் வந்தது. திறந்து நாளான புட்டி; அமிலம் சேர்ந்திருந்தது. அந்த அமிலத்தையும் மருந்தின் கணக்கில் எழுதி, குற்றமில்லாத மாத்திரையைக் குற்றவாளியாக்கியிருக்கிறேன்.

அடுத்த முறை எத்தனாலில் முதலில் பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் வரை காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்தேன். அதை வெள்ளைப் படலத்தின் மீது ஊற்றிச் சுழற்றினேன். மருந்து கரையக் கரைய இளஞ்சிவப்பு வெளிறி, குடுவை கண்ணாடிபோல் தெளிந்தது. படத்தில் கட்டம் கட்டிப் படித்த அமிலம் அங்கே என் கைக்குள் வேலை செய்தது. எத்தனையோ செய்முறைகள் செய்தாலும் அந்தக் கணம் இன்றும் மனதில் நிற்கிறது.

பிறகு ப்யூரெட்டைத் திறந்தேன். 24 மி.லி. தாண்டியதும் துளி விழுந்த இடத்தில் மட்டும் சிவப்பு பூத்துக் கலைந்தது. குடுவையின் கீழே வெள்ளைத் தாளை வைத்து, ஒவ்வொரு துளிக்கும் நிறுத்திச் சுழற்றினேன். அரை நிமிடம் மங்காமல் நின்றால் போதும். அதற்கு மேல் காத்திருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே நிறத்தைத் தின்றுவிடும்.

24.5 மி.லி. 99.6 சதவீதம்.

பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகில் காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.