பி செல் பூஜ்யம், புண் அப்படியே

எங்கள் டே கேர் வார்டில், ஆன்டிபாடி உற்பத்திக்கு அடிப்படையான பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தை ஏற்ற வருகிறவர்களில் பலர் வாயைத் திறந்து பேசமாட்டார்கள். பெம்ஃபிகஸ் நோயாளிகள். தோல் செல்களை ஒட்டவைக்கும் டெஸ்மோக்ளின் புரதத்தை உடம்பின் சொந்த ஆன்டிபாடியே தாக்குவதால் வாய் முழுக்கப் புண், மோர்சாதம்கூட எரியும்.

முதல் டோஸில் அவசரம் கூடாது. பாரசிட்டமால், அலர்ஜிக்கு அவில், ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு, மணிக்கு 50 மில்லிகிராம் என்று தொடங்குவோம். அரை மணிக்கு ஒருதரம் 50 கூட்டுவோம். தொண்டை அரிக்கிறது, குளிர்கிறது என்றால் உடனே பம்ப்பை நிறுத்திவிடுவேன். பி செல்கள் மொத்தமாக உடையும்போது வெளிவரும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் பொருள்கள் செய்யும் வேலை அது. இரண்டு வாரம் கழித்துப் போடும் அடுத்த டோஸ் பெரும்பாலும் சத்தமில்லாமல் முடியும். உடைவதற்குச் செல் மிச்சம் இருந்தால்தானே!

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அதற்கப்புறம் வரும் கேள்விதான். "ஏம்மா, இவ்ளோ காசு கொடுத்து ஏத்துனோமே, மருந்து கேக்கலையே?" என்றார் ஓர் அம்மா. அவருடைய ரிப்போர்ட்டில் சிடி19, அதாவது பி செல்லின் மேலிருக்கும் ஓர் அடையாளப் புரதம், கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னோர் அடையாளமான சிடி20-ஐ மருந்தே மூடிக்கொள்வதால் சிடி19-ஐ வைத்துத்தான் பி செல்லை எண்ணுவார்கள். ஆக, மருந்து நன்றாகவே கேட்டிருக்கிறது. புண்தான் போகவில்லை.

ரிட்டுக்ஸிமாப் பிடிப்பது சிடி20 உள்ள பி செல்களை மட்டும். பி செல்லிலிருந்து உருவாகி ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா செல்களில் சிடி20 கிடையாது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் ஆகும். அந்த அம்மா மளிகைக்கடை வைத்திருப்பவர். "கொள்முதல் நின்னுபோச்சும்மா, கடையில இருக்கிற சரக்கு தீரணும்ல?" என்றேன். "அதைச் சொல்லு!" என்றார்.

பி செல்லை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலும் சிடி20 இல்லை. அதனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புதிய பி செல்கள் வரத் தொடங்கும். சிலருக்கு அவை வந்தபின்னும் புண் திரும்புவதில்லை. டெஸ்மோக்ளினைக் குறிவைத்த பழைய கூட்டம் ஒழிந்திருக்கும். சிலருக்குத் திரும்பிவிடும், மறுபடி ஏற்றவேண்டும்.

பூஜ்யம் என்றால் காவலுக்கு நின்ற பி செல்லும் சேர்த்துத்தான் பூஜ்யம். கல்லீரலில் பதுங்கியிருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இந்தச் சமயத்தில் கிளம்பிவிடலாம். அதனால் ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டைப் பார்க்காமல், யார் சொன்னாலும் மருந்துக் குப்பியைத் திறக்கமாட்டேன். வார்டில் எனக்குப் பிடிவாதக்காரி என்றுதான் பேர். இருக்கட்டும்.