பதினேழு அடி உயரத்தில் மூன்றரை மணி நேரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போய்வந்தேன் என்றதும் அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "போலீஸ் பிடிக்காதா?" என்பதுதான். புள்ளிமானைத் தொட்டால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும் ஊரில் இருப்பவர் வேறு எதைக் கேட்பார்? இங்கே உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு அதற்குரிய பருவத்தில் போகலாம் என்று விளக்கினேன். "சரி, நீ என்ன அடித்தாய்?" என்றார். எதுவும் அடிக்கவில்லை, மரத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

துல்லியமாகச் சொன்னால் மரத்திலும் உட்காரவில்லை. மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஓர் இரும்பு ஏணியின் உச்சியில், இரண்டு பேர் இடித்துக்கொண்டு அமரும் ஒரு சிறு இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். இங்குள்ளவர்கள் அதை 'லேடர் ஸ்டாண்ட்' என்கிறார்கள். எனக்கு அது ஏணி வைத்த பரண். நம் தினைப்புனத்துப் பரண் வந்த விலங்கை விரட்டுவதற்கு. இது வராத விலங்கை எதிர்பார்த்துக் காத்திருப்பதற்கு.

அழைத்துப்போனவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். ஐம்பத்தெட்டு வயது. ரிச்லாண்ட் கவுண்டியில் அவருடைய தந்தைக்கு அறுபது ஏக்கர் நிலம் இருக்கிறது. மேடிசனிலிருந்து 14-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, மேசோமனி தாண்டி, ஸ்பிரிங் கிரீனில் விஸ்கான்சின் ஆற்றைக் கடந்தால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. மாநிலத்தின் பெரும்பகுதியைப் பனியாறுகள் தேய்த்து மட்டமாக்கிவிட்டுப் போயின. இந்தத் தென்மேற்கு மூலையை மட்டும் அவை தொடவில்லை. அதனால் இங்கே செங்குத்தான குன்றுகள், குறுகிய பள்ளத்தாக்குகள், மேலே ஓக் காடு, கீழே சோளமும் சோயாவும். பகலில் ஒளியக் காடு, இரவில் மேய வயல். மானுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

முதல் பயணம் ஆகஸ்ட் மாதம். வேட்டைக்கு அல்ல, பரண் கட்டுவதற்கு. வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பே கட்டி முடித்துவிட்டால், நாம் போட்ட சத்தத்தையும் விட்டுப்போன வாசனையையும் மான்கள் மறந்துவிடும் என்பது கணக்கு.

பழைய பரண் வயலோரம் ஒரு ஆஷ் மரத்தில் இருந்தது. அந்த மரம் செத்துப்போயிருந்தது. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பச்சை வண்டு அமெரிக்காவின் ஆஷ் மரங்களையெல்லாம் பட்டைக்கு அடியில் குடைந்து கொன்றுகொண்டிருக்கிறது. செத்த மரத்தில் பரண் வைப்பது தானே குழி தோண்டிக்கொள்வது மாதிரி. கழற்றப் போனால், முந்தைய ஆண்டுகளில் மரம் பருத்ததில் பரணைக் கட்டியிருந்த வார்ப்பட்டை மரத்தோலுக்குள் புதைந்து கிடந்தது. இன்னொரு பட்டையை அணில் பாதி கடித்துவைத்திருந்தது. இரண்டையும் கையில் எடுத்துக் காட்டி நண்பர் சொன்னார்: "விழுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். போன வருடம் தாங்கியது, இந்த வருடமும் தாங்கும் என்று நினைப்பார்கள்." ஆண்டுதோறும் பட்டைகளைத் தளர்த்திவிட வேண்டும், பழையதை எறிந்துவிட வேண்டும். அவருடைய தந்தை வாலிபத்தில் மரக்கிளையில் பலகை வைத்து ஆணியடித்த பரணிலிருந்து விழுந்தவர். இன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறார். வீட்டு வாசலில் நின்றபடி எங்கள் வேலையை மேற்பார்வையிட்டார்.

காட்டுக்குள் நூறு அடி தள்ளி, நேரான ஒரு ஓக் மரம் தேர்வானது. ஏணித் துண்டுகளைத் தரையிலேயே ஒன்றுக்குள் ஒன்று செருகி ஆணி பூட்டி, இருக்கையையும் மாட்டி, பிறகு கொடிக்கம்பம் நடுவதுபோல மொத்தமாகத் தூக்கி நிறுத்த வேண்டும். இதற்கு மூன்று பேர் தேவை. ஒருவர் ஏணியின் காலை மிதித்துக்கொள்ள, இருவர் தள்ளினோம். எடை என்னவோ ஐம்பது கிலோ போலத்தான். ஆனால் பாதி உயரத்தில் அது பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது எடை வேறு மாதிரித் தெரிகிறது. நின்றதும் யாரும் ஏறிவிடவில்லை. ஏணியின் நடுவிலிருந்து மரத்துக்கு ஒரு தாங்குகம்பி, இருக்கைக்குக் கீழிருந்து குறுக்காக இரண்டு கயிறுகள், எல்லாவற்றையும் தரையில் நின்றே இறுக்கினோம். அதன் பிறகே நண்பர் இடுப்பு வாரை மரத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஏறி, உச்சிப் பட்டையைக் கிறுகிறுவென்று முறுக்கினார். இருக்கைக்கு மேலே மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் தரைவரை தொங்கவிட்டார். அதுதான் உயிர்க்கயிறு. அதில் ஒரு வழுக்கு முடிச்சு இருக்கிறது. கையால் தள்ளினால் மேலே நகரும், உடல் எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும். உடம்பில் மாட்டிய ஹார்னஸை அந்த முடிச்சோடு கோத்துவிட்டுத்தான் முதல் படியில் கால் வைக்க வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று விடுவதில் அர்த்தமில்லை. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து இருக்கைக்கு மாறும் அந்த ஓர் அடியிலும்தான் ஆபத்து.

தந்தை கொடுத்த பியரோடு மாலையில் நண்பர் தன் வில்லைக் காட்டினார். இரு முனைகளிலும் உருளைகள் வைத்த காம்பவுண்ட் வில். மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எழுபது ராத்தல் இழுவை. ஆனால் முழுக்க இழுத்தபின் உருளைகள் திரும்பிச் சுமையை வாங்கிக்கொள்வதால் பதினைந்து ராத்தல்போலத்தான் கையில் நிற்கும். மான் திரும்பும்வரை இழுத்தபடி காத்திருக்கலாம். ஆனாலும் இருபத்தைந்து கஜத்துக்கு மேல் தான் எய்வதில்லை என்றார். அம்பைவிட ஒலி பல மடங்கு வேகம். நாண் அதிரும் சத்தம் கேட்டுப் பாய்வதற்காக மான் உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்த கதையைச் சொன்னேன். மிக மரியாதையாகத் தலையாட்டினார்.

இன்னொன்றும் சொன்னார். மானை வீழ்த்தினாலும் உடனே சமைப்பதில்லை. மான்களின் மூளையை அரிக்கும் ஒரு நோய் 2002-இல் இந்த மாநிலத்தில், மவுண்ட் ஹோரெப் பக்கம், கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்துக் காத்திருப்பார்களாம்.

நவம்பர் இரண்டாம் வாரம் மறுபடி போனோம். இணை தேடும் பருவம். ஆண்மான்கள் பகலிலும் நிதானமில்லாமல் திரியும் சில நாட்கள். வடமேற்குக் காற்று வீசும் நாள் என்பதை உறுதிசெய்துகொண்டுதான் நண்பர் என்னைக் கூப்பிட்டார். மான்கள் வரும் தடம் பரணுக்கு வடமேற்கே இருக்கிறது. நம் வாசனை மறுபக்கம் போய்விடும். ரப்பர் பூட்ஸ், கையுறை, வாசனையில்லாத சோப்பில் துவைத்த உடை. "எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள்" என்றார். தொடமாட்டேன் என்றேன்.

அதிகாலை ஐந்தேகால். பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி. சிவப்பு ஒளி விளக்கில் ஏணி தெரிந்தது. அதன் படிகளில் உறைபனி பூத்திருந்தது. நண்பர் ஏறிப்போய்விட்டார். நான் முடிச்சை மாட்டிக்கொண்டு மூன்று படி ஏறினேன். கம்பளிக் கையுறை உறைபனியில் வழுக்கியது. உயிர்க்கயிறு இருக்கிறது, விழமாட்டேன் என்று மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கையுறைகளைப் பல்லால் கழற்றிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, இரும்பை இறுகப் பிடித்து ஏறினேன். வில்லை அவர் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார். நான் எப்படி ஏறினேன் என்பதை இருட்டில் அவர் பார்க்கவில்லை.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னதாகவே எய்யலாம் என்பது சட்டம். அந்த வெளிச்சத்தில் எல்லாக் குத்துச்செடியும் மானாகத் தெரிகிறது. அணில் ஒன்று உலர்ந்த இலைமீது ஓடினால் யானை வருவதுபோலச் சத்தம். முதல் ஒரு மணி நேரம் சிலிர்ப்பு, இரண்டாவது மணி குளிர், அதன் பிறகு கால்விரல்கள் இருக்கின்றனவா என்ற சந்தேகம் மட்டுமே. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். மூக்கு ஒழுகினால் ஒழுக வேண்டியதுதான்.

ஏழரை மணிக்கு நண்பரின் முழங்கை என்னை மெல்லத் தொட்டது. ஒரு பெண்மான். சரியாக அந்தத் தடத்தில், சரியாகக் காற்றுக்கு மேல்பக்கத்தில். அதற்குப் பின்னால் நாற்பது கஜத்தில், கழுத்து பருத்த ஆண்மான், எட்டு முனைக் கொம்பு. நண்பர் எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று எனக்கே தெரியவில்லை. பெண்மான் நேராக எங்கள் மரத்தடிக்கு வந்தது. இவ்வளவு அருகில் இருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் நேர் கீழே நிற்கும் மான்தான் பரணிலிருந்து எய்வதற்கு மிக மோசமான இலக்காம். செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் கிழிக்கும், மான் வெகுதூரம் ஓடித் தொலைந்து சாகும். எப்படியும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது பின்னால் வந்ததை. முப்பத்தைந்து கஜம். முப்பது.

பெண்மான் கழுத்தை நீட்டி ஏணியின் மூன்றாவது படியை முகர்ந்தது. நான்காவது படியை முகர்ந்தது. காதுகள் முன்னால் மடிந்தன. முன்காலை ஒருமுறை தரையில் அறைந்தது. பிறகு நீராவி விசில் மாதிரி ஒரு சீறல். இரண்டு வெள்ளை வால்கள் மரங்களுக்கு இடையே கொடிபோல எழுந்து போவதைத்தான் பார்க்க முடிந்தது.

நண்பர் உட்கார்ந்தார். என் கைகளைப் பார்த்தார். கையுறை போட்டுத்தான் இருந்தேன், ஆனால் இடது வலது மாற்றிப் போட்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு மரங்கொத்தி வந்தது.

இறங்குவதற்கு முன் அவர், "பனி இன்னும் உருகவில்லை, பார்த்து இறங்குங்கள்" என்றார். கையுறைகளைக் கழற்றிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன்.